தரங்கம்பாடியும் பனிக்கடல் துறையும்

மாயவரத்திலிருந்து கிழக்கே செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் காவிரி நாட்டின் விளிம்பு வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் இந்த வழியாக ரயிலும் ஓடிற்று. இப்போது பஸ்தான் கதி. வழி நெடுகிலும் வயல். வயலுக்கு நடுவே வாய்க்கால். வாய்க்கால் கரையில் தென்னை. திடீரென்று மண்ணின் நிறம் மாறுகிறது. காற்றில் உப்பு ஏறுகிறது. சேற்று வாசனை போய் மீன் வாசனை வருகிறது. இதுவே தரங்கம்பாடி.

ஊருக்குள் நுழையும்போதே ஒரு வெள்ளை வாயில் நம்மை மறித்து நிற்கிறது. அதன் நெற்றியில் 1792 என்ற வருஷமும் ஒரு டேனிய அரசனுடைய முத்திரை எழுத்தும் பொறித்திருக்கின்றன. அதைக் கடந்து நேரே நடந்தால், அகன்ற தெருவின் இரு மருங்கிலும் பழைய மாளிகைகளும் மாதா கோயில்களும் காட்சி தருகின்றன. இந்தத் தெருவுக்கு டேனியர் தங்கள் மொழியில் 'ராஜ வீதி' என்று பெயரிட்டார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் அதையே தங்கள் மொழியில் பெயர்த்து 'கிங் ஸ்ட்ரீட்' என்றார்கள். தெரு முடிவில் மணல், மணலில் கோட்டை, கோட்டைக்கு அப்பால் கடல். கோட்டையின் பெயர் டான்ஸ்போர்க். டேனியர் கோட்டை என்பதே அதன் பொருள். இன்று அதற்குள் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினரின் பொருட்காட்சிச் சாலை இருக்கிறது.

இந்தக் கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். ஆனால் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். அது உலகப் படத்தின் உச்சியில், கனடா தேசத்தில், ஹட்ஸன் வளைகுடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது. சர்ச்சில் என்னும் ஆறு அங்கே கடலோடு கலக்கிறது. அந்த முகத்துவாரத்தில், பாறைகளுக்கு நடுவே, கப்பல்கள் ஒதுங்கத்தக்க சிறு கடல்மடிப்பு ஒன்று உண்டு. தரங்கம்பாடி பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகையில் இருக்கிறது. அந்தத் துறையோ 58 பாகையையும் தாண்டி, 59-ஐ நெருங்கி இருக்கிறது. இங்கே கடலில் குளித்து எழுந்தாலும் வியர்க்கும். அங்கே வருஷத்தில் பாதிக்கு மேல் கடலே கல்லாகிக் கிடக்கும்; அதன்மேல் வெண்கரடி நடமாடும். இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கலாம். இரண்டும் ஒரே அரசனுடைய ஆசையில், ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவை.

டென்மார்க்கின் அரசரான நான்காம் கிறிஸ்டியனுக்குக் கீழ்த்திசை வியாபாரத்தில் பெரும் மோகம். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் மிளகையும் துணியையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பணம் குவிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். 1616-ஆம் ஆண்டில் தம் நாட்டிலும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவச் செய்தார். 1618-ஆம் ஆண்டு முடிவதற்குள் ஓவே கெட்டே என்ற இளைஞரின் தலைமையில் ஒரு கப்பற்படை ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்டது. அது திரும்பி வரும்வரை அரசர் சும்மா இருக்கவில்லை. 1619-ஆம் ஆண்டு மே மாதம் யென்ஸ் முங்க் என்ற அநுபவசாலியான மாலுமியிடம் இரண்டு கப்பல்களைக் கொடுத்து, அமெரிக்காவின் வடபுறமாகக் கீழ்த்திசைக்கு வழி உண்டா என்று பார்த்து வரும்படி அனுப்பினார். கும்பகோணத்துக்குப் போக ஒருவனைத் தெற்கே அனுப்பிவிட்டு, காசி வழியாகவும் போக முடியுமா என்று மற்றொருவனை வடக்கே அனுப்பிய கதைதான். ஆனால் அந்தக் காலத்தில் அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றவில்லை. பூமி உருண்டை, படத்தில் வடக்கே வெறுமையாக இருந்தது, வெறுமையான இடத்தில் வழி இருக்கலாம் அல்லவா?

முங்க் சென்ற வழி நெடுகப் பெயர்களை விதைத்துக்கொண்டே போனார். ஹட்ஸன் என்ற ஆங்கிலேயர் 1610-ஆம் ஆண்டில் நுழைந்த அந்த ஜலசந்திக்குத் தம் அரசர் பெயரை வைத்துக் கிறிஸ்டியன் ஜலசந்தி என்றார். உள்ளே இருந்த பெருங்கடலையும் கிறிஸ்டியன் கடல் என்றார். கலைமான் கிடைத்த இடத்துக்குக் கலைமான் கால்வாய் என்று பெயர். முயல் பிடித்த இடத்துக்கு முயல் கால்வாய். அங்கங்கே அரசரின் இலச்சினையையும் நாட்டி வைத்தார். ஆளே இல்லாத வீட்டில் நுழைந்து அறைதோறும் தன் பெயரை எழுதி வைப்பவனைப் போல அவர் நடந்துகொண்டார்.

ஆனால் வீட்டில் ஆள் இருந்தது. அந்தக் கரையில் இன்யூட் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தனர். அவர்களில் சிலரை முங்க் ஓரிடத்தில் சந்தித்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். அவருடைய மாலுமிகளுள் ஒருவன் கருத்த மேனியும் கரிய தலைமயிரும் உடையவன். அவர்கள் அவனைத் தங்கள் இனத்தானாகவே கருதி, ஆசையோடு கட்டித் தழுவிக்கொண்டார்களாம். அந்தக் கரைகளுக்கு அவர்கள் என்ன பெயர் வழங்கினார்கள் என்று கேட்டறிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! படத்தில் ஏறியவை மானும் முயலும் மன்னருமே.

1619-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி, புயலில் அலைக்கழிந்த முங்க், மேலே சொன்ன முகத்துவாரத்தில் வந்து ஒதுங்கினார். அந்த மடிப்புக்கு 'யென்ஸ் முங்கின் குளிர்காலத் துறை' என்றும், சுற்றியிருந்த தேசம் முழுவதற்கும் 'நோவா டானியா' என்றும் பெயர் சூட்டினார். புதிய டென்மார்க் என்பது அதன் பொருள். மிதந்து வரும் பனிப்பாளங்கள் கப்பலில் மோதாதபடி மரத்தால் தடுப்புகள் அமைத்தார். அந்தப் பக்கத்தில் மனிதர் வந்து தங்கிய அடையாளங்களையும் கண்டார். ஆனால் குளிர்காலம் முழுவதும் ஒரு மனிதரும் அவர்கள் கண்ணில் படவில்லை. அந்தக் குளிரில் எதைத் தின்று எப்படி உயிர் வாழ்வது என்று சொல்லிக் கொடுக்க ஒருவரும் இல்லை.

பிறகு நடந்ததை அவருடைய குறிப்புகள் நாள்தோறும் சொல்கின்றன. முதலில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம். பிறகு பல் ஈறு வீங்குதல், கை கால் முடங்குதல், சாவு. ஸ்கர்வி என்னும் நோய் அது. பச்சை இலையும் பழமும் இல்லாத உணவில், இன்று நாம் வைட்டமின் 'சி' என்று சொல்லும் சத்து இல்லாமற் போவதால் வருவது. அரைகுறையாக வெந்த வெண்கரடி மாமிசத்தின் மூலமாக ஒருவகைப் புழுநோயும் சேர்ந்திருக்கலாம் என்று பிற்கால அறிஞர் சிலர் கருதுகின்றனர். பாதிரியார் இறந்தார், புதைக்கப் போனவர்கள் இறந்தனர், கடைசியில் புதைக்கவும் ஆள் இல்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில் முங்க் உலகத்துக்கு விடை கூறி எழுதியும் வைத்துவிட்டார். ஆனால் பனி உருகி, பூமியில் புல் முளைத்தது. கரையில் இருவர் இன்னும் உயிரோடு இருந்தனர். மூவரும் தரையில் ஊர்ந்து சென்று, முளைத்த பச்சையையும் அதன் வேரையும் தின்றனர். உடம்பில் பலம் திரும்பிற்று. பெரிய கப்பலை அங்கேயே விட்டுவிட்டு, சிறிய கப்பலில் மூவரும் ஜூலை 16-ஆம் தேதி புறப்பட்டு, 1620 செப்டம்பரில் நார்வேக் கரையை அடைந்தனர். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போன பிரயாணம். திரும்பியவர்கள் மூவர்.

இனி நம் கரைக்கு வருவோம். கெட்டேயின் படையிலும் சாவுக்குக் குறைவில்லை. இலங்கையில் அவர்கள் எதிர்பார்த்ததும் நடக்கவில்லை. அவர்களுக்கு முன்னதாகவே ரோலண்ட் கிராப்பே என்பவர் ஒரு கப்பலில் வந்திருந்தார். 1619-ஆம் ஆண்டில் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர் அந்தக் கப்பலைத் தாக்கி அழித்தனர். கப்பல் இல்லை, சரக்கு இல்லை, உடன் வந்தவர்களுள் பலர் இல்லை. முங்கின் நிலைமைக்கும் கிராப்பேயின் நிலைமைக்கும் அப்போது அதிக வித்தியாசமில்லை என்று சொல்லலாம்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. கிராப்பே கரையேறிய தேசத்தில் மனிதர்கள் அவரைக் கண்டார்கள். சோறு இருந்தது, பேச்சு இருந்தது, தஞ்சையில் ஓர் அரசர் இருந்தார். ரகுநாத நாயக்கரின் சபைக்குக் கிராப்பேயை அழைத்துச் சென்றனர். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் கை ஓங்கியிருந்த காலம் அது. அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு வியாபாரி வந்தால் நாட்டுக்கு நல்லது என்று நாயக்கர் எண்ணியிருக்க வேண்டும். 1620 நவம்பரில் கெட்டேயோடு உடன்படிக்கை ஏற்பட்டது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ள டேனியருக்கு அநுமதி கிடைத்தது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் ஒரு கடிதம் எழுதுவித்து, தெலுங்கில் கையொப்பமிட்டு அனுப்பினார். அது இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது இது. டேனியர் தங்கள் கோட்டைக்குத் தங்கள் பெயரை வைத்தார்கள்; ஊருக்கு வைக்கவில்லை. வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஊர் ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பெயரும் இருந்தது. சாட்சி சொல்லவும் ஆளுண்டு. கடற்கரையில் மாசிலாமணி நாதர் நிற்கிறார். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது. அதன் கல்வெட்டில் இந்த ஊர் 'சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்' என்று குறிக்கப்பட்டிருக்கிறது. சடங்கன்பாடி என்பது ஜனங்கள் வழங்கிய பெயர். குலசேகரன்பட்டினம் என்பது அரசனின் பெயரால் ஏற்பட்டது. இரண்டில் எது நிலைத்தது? பாண்டியன் பெயர் கல்லோடு நின்றுவிட்டது. பாடி மட்டும் நாவோடு வந்திருக்கிறது. சடங்கன்பாடி, தரங்கம்பாடி என்று இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒன்று மற்றொன்றாக மாறியிருக்கலாம் என்று உங்களுக்கும் தோன்றும். தரங்கம் என்றால் அலை. பாடி என்றால் ஊர். அலைகள் பாடுவதால் தரங்கம்பாடி என்பதும் அழகான விளக்கம்தான். கடற்கரையில் மாலையில் உட்கார்ந்திருப்பவர்கள் இலக்கணம் பேச மாட்டார்கள்.

டேனியர் இந்தப் பெயரைத் 'திராங்கெபார்' என்று உச்சரித்தனர். ஆங்கிலேயர் அதனை 'டிரான்குபார்' ஆக்கினர். தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆனது போலத்தான். நம் காதுக்கு இவை கர்ண கடூரமாக இருக்கலாம். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தவறாக உச்சரித்தாலும் அவர்கள் உச்சரித்தது நம் பெயரைத்தான். 1845-ஆம் ஆண்டில் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஆங்கிலேயரும் 1947-இல் போனார்கள். ஊர் தன் பெயரோடு இருக்கிறது.

நோவா டானியா என்ன ஆயிற்று? முங்க் 1624-ஆம் ஆண்டில் தம் பிரயாண நூலைப் படத்தோடு வெளியிட்டார். அதிலுள்ள பெயர்களைச் சொல்ல அந்தக் கரையில் ஒரு வாயும் இல்லை. சில காலம் அந்த ஆற்றை 'டேனியர் ஆறு' என்று படங்களில் குறித்தனர். 1717-ஆம் ஆண்டில் ஆங்கிலேய ஹட்ஸன் வளைகுடாக் கம்பெனியின் ஜேம்ஸ் நைட் அங்கே பண்டகசாலை அமைக்க வந்தபோது, முங்கின் ஆட்களுடைய எலும்புகளும் பீரங்கிகளும் கிடக்கக் கண்டார். புதிய டென்மார்க்கில் மிஞ்சியது அவ்வளவே. கம்பெனியின் தலைவராக இருந்த ஜான் சர்ச்சில் என்ற பிரபுவின் பெயர் ஆற்றுக்கு நிலைத்தது. அரசனின் பெயர் நிலைக்காத இடத்தில் கம்பெனித் தலைவரின் பெயர் எப்படி நிலைத்தது என்றால், கம்பெனிக்காரர்கள் அங்கே தங்கினார்கள். கிரீ, டெனே மக்களோடு கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். அந்தப் பெயரைத் தினமும் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ஆயினும் கிரீ மக்கள் அந்த ஆற்றுக்கு வழங்கிய 'மிஸ்ஸினிப்பி' என்ற பெயரும் மறைந்துவிடவில்லை. 'பெருநீர்' என்பது அதன் பொருளாம்.

அந்தத் துறையின் பூகோளமும் விநோதமானது. பழங்காலத்தில் அந்தப் பிரதேசத்தின்மேல் மலைபோன்ற பனிப்பாளம் அழுத்திக் கிடந்தது. அது உருகிப் போனபின், பாரம் இறக்கிய மாட்டு வண்டி போல, பூமி மெல்ல மெல்ல மேலே எழும்புகிறது. நூறு வருஷத்துக்கு ஏறத்தாழ 1 மீட்டர் எழும்புவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். முங்கின் துறை இருந்ததாகக் கருதப்படும் பக்கத்திலேயே 'ஸ்லூப் துறை' என்று ஒன்றுண்டு. 18-ஆம் நூற்றாண்டில் கம்பெனியின் சிறு கப்பல்கள் அங்கே குளிர்காலத்தில் ஒதுங்கின. இன்று அது புல் முளைத்த தாழ்வாக இருக்கிறது. கப்பலைக் கட்டிய இரும்பு வளையங்கள் பாறையில் வீணே தொங்குகின்றன.

இங்கே அதற்கு நேர்மாறு. தரங்கம்பாடியில் கடல் நிலத்தைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதி அலைகளுக்கு இரையாகிவிட்டது. மிஞ்சியதைக் காக்கக் கரையில் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலை மீனவர் குடியிருப்பில் எத்தனையோ உயிர்களைக் கொண்டு போயிற்று. அங்கே நிலம் எழுந்து துறை அழிகிறது. இங்கே கடல் எழுந்து கரை அழிகிறது. அங்கே துறை நிலமாகிறது. பெயரைச் சொல்ல வந்தவர்கள் முன்பே போய்விட்டார்கள். இங்கே நிலம் குறைகிறது. ஆனால் பெயரைச் சொல்பவர்கள் அலைக்குப் பிறகும் அதே கரையில் வலையை உலர்த்துகிறார்கள்.

டேனியர் இன்னொரு முறையும் இந்தப் பெயர் சூட்டும் விளையாட்டை ஆடிப் பார்த்தார்கள். அதற்குத் தரங்கம்பாடியே புறப்பட்ட இடம். 1756-ஆம் ஆண்டில் இங்கிருந்து கப்பலேறிப் போய் நிக்கோபார் தீவுகளைத் தமதாக்கிக்கொண்டு, மறுபடியும் 'புதிய டென்மார்க்' என்றார்கள். பின்னர் அரசரின் பெயரால் 'பிரெடெரிக் தீவுகள்' என்றார்கள். வடக்கே குளிர் செய்த வேலையை அங்கே காய்ச்சல் செய்தது. குடியேறியவர்கள் மாண்டார்கள், மறுபடியும் முயன்றார்கள், மறுபடியும் மாண்டார்கள். 1868-இல் அந்த உரிமையையும் விற்றுவிட்டார்கள். இரண்டாவது புதிய டென்மார்க்கும் படத்திலிருந்து மறைந்தது. நிக்கோபார் என்ற பெயரோ இருக்கிறது. அதன் பழமையைத் தெரிந்துகொள்ள நாம் கப்பலேற வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் போதும். ராஜேந்திர சோழனின் கடல் கடந்த வெற்றிகளைச் சொல்லும் கல்வெட்டில், 1030-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே, 'மாநக்கவாரம்' என்று அத்தீவின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அத்தனை நாடுகளை வென்ற சோழனும் அந்தத் தீவைத் தன் பட்டியலில் பழைய பெயராலேயே குறித்தான்.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? ஒரு ஊருக்குப் பெயர் வைப்பது கொடி நாட்டுவதைப் போன்றதன்று. நாற்று நடுவதைப் போன்றது. வேர் பிடிக்க மண் வேண்டும். நாள்தோறும் நீர் வேண்டும். பெயருக்கு மண் என்பது அங்கே வாழும் ஜனங்கள். நீர் என்பது அவர்களுடைய பேச்சு. வடக்கே பிரோபிஷர் வளைகுடா என்று ஆங்கிலேய மாலுமியின் பெயரைத் தாங்கியிருந்த பட்டணம், 1987-ஆம் ஆண்டில் இகாலுயிட் என்று தன் பழைய பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மீன் மிகுந்த இடம் என்று பொருளாம். அந்தப் பெயரை இன்யூட் மக்கள் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தபடியால்தான் அதை மீட்க முடிந்தது.

ஆகையால், 'டிரான்குபார்' என்று ஏதோ ஒரு விடுதிப் பலகையில் எழுதியிருக்கிறதே என்று நாம் கோபித்துக்கொள்வதில் பிரயோஜனமில்லை. அந்தப் பலகையால் தரங்கம்பாடிக்கு ஆபத்து இல்லை. ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. கரையில் உள்ள பெரியவர்களுக்குக் கடல் ஒரே நீலப் பரப்பன்று. அடியிலே பாறை இருக்கும் ஒவ்வொரு 'பார்'க்கும் பெயர் உண்டு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் உண்டு. உள்நாட்டிலும் அப்படியே. நம் தகப்பனார் காலத்தில் வயலுக்கு வயல், மடைக்கு மடை, திடலுக்குத் திடல் ஒரு பெயர் இருந்தது. இன்று பிள்ளைகள் படித்துவிட்டுப் பட்டணம் போகிறார்கள். நிலம் குத்தகைக்குப் போகிறது. பட்டாவில் சர்வே எண் மட்டும் மிஞ்சுகிறது. டேனியனும் ஆங்கிலேயனும் கொண்டு போகாத பெயர்களை நாமே மௌனத்தால் இழந்துகொண்டிருக்கிறோம்.

விடுமுறையில் தரங்கம்பாடிக்குப் போகும் நேயர்கள் கோட்டையைப் பாருங்கள். ராஜ வீதியில் நடந்து பாருங்கள். மாசிலாமணி நாதரையும் தரிசியுங்கள். பிறகு கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து, எதிரே தெரியும் கடலின் பெயர்களைக் கேளுங்கள். உடன் வந்த குழந்தைகளை விட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். ஊர் திரும்பியதும் பாட்டனாரை உட்கார வைத்து, உங்கள் வயல்களின் பெயர்களை அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதை ஒரு முறை உரக்கப் படியுங்கள்.